மெஷினுக்கு முன்னாடி கை

மார்பகப் புற்றுநோய்னு பேச்சு வந்தாலே மேமோகிராம்தான் ஞாபகத்துக்கு வரும். ஊருக்கு ஊர் ஒரு மெஷின் வாங்கி வச்சா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்க நிறைய. வரலாறு அப்படிச் சொல்லலை மக்களே.

முதல் பெரிய ஆய்வு 1963-ல் நியூயார்க்கில் தொடங்கியது. 40 முதல் 64 வயது வரை சுமார் 62,000 பெண்கள். அதில் பாதிப் பேருக்குப் பரிசோதனை. அந்தப் பிரிவில் மரணங்கள் குறைந்தன, மேமோகிராமுக்குப் பேர் கிடைத்தது. ஆனா ஒண்ணைப் பலரும் மறந்துட்டாங்க. அங்கே மெஷினோடு, மருத்துவர் கையால் தடவிப் பார்க்கும் சோதனையும் சேர்ந்தேதான் நடந்தது.

அப்போ கை மட்டும் இருந்தா? மெஷினுக்கு வழியில்லாத நாடுகளுக்கு இதுதான் கேள்வி. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் இதைச் சோதிக்க இறங்கியது. 35 முதல் 64 வயதுள்ள 1,51,538 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நாலு சுற்று, கைப்பரிசோதனை. செஞ்சது டாக்டருங்க இல்லீங்க, பயிற்சி எடுத்துக்கிட்ட சுகாதாரப் பணியாளர்கள்!

முடிவு 2021-ல் வெளியானது. நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 30 சதவீதம் குறைவு. 50-க்குக் கீழே குறிப்பிடும்படியான பலன் இல்லை. எல்லா வயதையும் சேர்த்தால் 15 சதவீதம்தான், அதுவும் புள்ளியியல் கணக்கில் உறுதியாகாத அளவு. இதையும் சொல்லணும், இல்லேன்னா பாதி உண்மைதான்.

இன்னொண்ணையும் கவனிங்க. கட்டி இருக்குன்னு தெரிஞ்சவங்களை அனுப்ப அங்கே ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனை தயாரா இருந்தது. அது இல்லாத ஊர்ல?

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முயற்சியின் இலக்குகள் மூணு. 60 சதவீதம் பேருக்காவது நோய் முதல் இரண்டு நிலைகளிலேயே தெரியணும். மருத்துவரிடம் வந்து 60 நாளுக்குள் என்ன நோய்னு உறுதியாகணும். 80 சதவீதம் பேராவது சிகிச்சையை நடுவில் விடாம முடிக்கணும். இதில் எங்கேயும் மெஷின் எண்ணிக்கை கிடையாது.

கையில் இருக்கிற காசு கொஞ்சம்னா, பயாப்சி பார்க்க ஆள், அறுவை சிகிச்சை, டமாக்சிஃபென் மாத்திரை, ஆஸ்பத்திரிக்கு வந்துபோக பஸ் காசு, இதெல்லாம்தான் முதல்ல. "கட்டி இருக்கும்மா"ன்னு மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்புறதுக்குப் பேரு பரிசோதனையா?

வீட்டில் அம்மாவோ அத்தையோ "சின்னக் கட்டிதான், வலிக்கலை"ன்னு சொன்னா, வலி இல்லைங்கிறதை நம்பி விட்டுடாதீங்க. அந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.