பதினைந்து கம்பிகளின் காலம்

தமிழ் இணையத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் எழுத்துருவில் தொடங்கி விசைப்பலகையில் முடிப்பார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு, அதையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை, பிறகு ஒருங்குறி என்று அந்த வரிசை நீளும். இவற்றுக்கெல்லாம் முந்திய படி ஒன்று உண்டு. தொலைபேசிக் கம்பியைக் கணினியோடு பிணைக்கும் மோடம் அட்டை முதலில் வேலை செய்தாக வேண்டும். அதற்கு ஒரு குறுக்கீட்டு எண்ணை ஒதுக்கித் தருவது அன்று மனிதர் கையால் செய்யவேண்டிய காரியமாக இருந்தது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

குறுக்கீடு என்ற சொல்லுக்கு நம் வழக்கில் நல்ல பொருள் இல்லை. கணினியிலோ அது ஓர் அழைப்பு. செயலி ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கும்போது விசைப்பலகையோ வட்டோ மோடமோ, தன்னைக் கவனிக்கும்படி ஒரு மின்சைகை அனுப்புகிறது. செயலி விட்ட இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, அழைத்த கருவியின் தேவையை முடித்து, மீண்டும் பழைய வேலைக்குத் திரும்புகிறது. இந்த ஏற்பாடு இல்லையெனில் ஒவ்வொரு கருவியிடமும் ஓயாமல் சென்று விசாரிப்பதிலேயே அதன் பொழுது கழிந்துவிடும். நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, எலெக்ட்ரோலோஜிகா எக்ஸ்1 கணினியில் இத்தகைய அழைப்புகளைத் தவறின்றிக் கையாளும் நிரலைப் பற்றியதே.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இண்டெல் 8259ஏ என்ற சில்லு அழைப்புகளை வரிசைப்படுத்தியது. கம்பிகள் எட்டே. 1984இல் வந்த ஏடி கணினி இரண்டாவது சில்லு ஒன்றை முதலாவதோடு கோத்தது. கோக்கவே ஒரு கம்பி செலவாக, மிஞ்சியவை பதினைந்து. கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, தொடர்வழித் துறைகளுக்கு 3உம் 4உம், நெகிழ்வட்டுக்கு 6, அச்சுப்பொறிக்கு 7, வன்தட்டுக்கு 14 என்று பலவும் முன்பே பங்கிடப்பட்டுவிட்டன. புதிதாக வரும் அட்டை எஞ்சிய சிலவற்றுள் ஒன்றைப் பிடிக்க வேண்டும். கம்பியில் மின்னழுத்தம் எழும் கணத்தை மட்டுமே அந்தச் சில்லு கவனித்ததால், ஒரே கம்பியில் இரண்டு அட்டைகள் அழைத்தால் ஒன்றின் குரல் மற்றதில் மறைந்துபோகும்.

இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15இல். ஒன்பது நாள் கழித்து விண்டோஸ் 95 வெளியாயிற்று. அட்டையைச் செருகினால் போதும், எண்களை இயங்குதளமே பங்கிட்டுக்கொள்ளும் என்பது அதன் வாக்குறுதி. ஆனால் ஜம்பர் வைத்த பழைய அட்டைகளிடம் அந்த வாக்குறுதி செல்லவில்லை. அவை புழக்கத்தில் இருந்தவரை திருப்புளியும் வேலையில் இருந்தது.

நாங்கள் மாணவர்களாக இருந்த நாட்களில் மார்த்தாண்டத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் இதைக் கண்ணால் கண்டோம். மோடம் எண்ணைச் சுழற்றத் தொடங்கியதும் திரையில் சுட்டி உறைந்து நின்றுவிடும். இணைப்பைத் துண்டித்தால் மீண்டும் நகரும். காரணம் எளியது. சுட்டி முதல் தொடர்வழித் துறையில் இருந்தது. மோடத்தை மூன்றாவதில் வைத்திருந்தார்கள். அவ்விரு துறைகளுக்கும் வழக்கப்படி எண் 4தான். கடைக்காரர் பெட்டியைத் திறந்து, அட்டையிலிருந்த ஜம்பரை நகக்கண்ணால் பெயர்த்து 5க்கு மாற்றினார். ஒலி அட்டை இல்லாத கணினியாதலால் 5 காலியாக இருந்தது. பிறகு விண்டோஸிலும் அந்த எண்ணைத் திருத்தினார். லினக்ஸ் வைத்திருந்தவர்கள் இதையே செட்சீரியல் என்ற கட்டளையால் செய்தார்கள். அட்டையில் ஓர் எண்ணும் இயங்குதளத்தில் வேறோர் எண்ணும் இருந்தால், அழைப்பவர் ஒரு வாசலில் நிற்க, வீட்டுக்காரர் வேறு வாசலில் காத்திருந்த கதைதான்.

பிசிஐ அட்டைகள் பரவியபோது ஒரே கம்பியைப் பலர் பகிரும் முறை வந்தது. அழைப்பு வந்ததும் ஒவ்வோர் இயக்கியும் தன் கருவி அழைத்ததா என்று பார்த்துக்கொள்ளும். 1998இல் வந்த பிசிஐ 2.2, கம்பிக்கு மாற்றாக நினைவகத்தில் ஒரு செய்தியை எழுதி அழைக்கும் வழியைத் தந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸில் தனிக் கம்பியே இல்லை. எந்த அட்டைக்கு எந்த எண் என்று இன்று யாரும் நம்மைக் கேட்பதில்லை.

அந்தக் கடைக்காரர் வேலை முடிந்ததும் ஒரு துண்டுத்தாளில் 'மவுஸ் 4, மோடம் 5' என்று எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டினார். அடுத்து திறப்பவருக்காக, என்றார். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அறிவு இப்படித்தான் கை மாறியது. பெட்டிகள் பழைய இரும்புக்குப் போனபோது அத்தாள்களும் போயின. ஓலைச்சுவடி தேடி ஊரூராக அலைந்தவர்களின் வழிவந்த நாம், நம் கண் முன்னே இருந்த இந்தச் சுவடிகளில் ஒன்றைக்கூட எடுத்துவைக்கவில்லை.