ஒளியின் அளவுகோல்

திருகோணமலையில் பழைய வீட்டைப் புதுக்குவோர், கூரைக்கும் தரைக்கும் கணக்குப் பார்த்தபின், கடைசியாகவே ஒரு வினாவை எழுப்புகின்றனர்: இவ்வறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? இவ்வினாவுக்கு விடைதரும் அளவுகோலின் வரலாறு, அவ்வூர்க் கடலில் உலவும் ஓர் உயிரினத்தோடு தொடர்புடையது என்பதைப் பலர் அறியார்.

திருகோணமலைக் கரைக்கு அருகிலேயே கடல் மிக ஆழமாகின்றது. ஆதலால் அங்கே திமிங்கிலங்கள் உலவுகின்றன. அவற்றுள் பெருந்தலையுடைய எண்ணெய்த் திமிங்கிலமும் ஒன்று. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் அவ்வினம் உலகக் கடல்கள் பலவற்றில் வேட்டையாடப்பட்டது. அதன் தலையிலிருந்து எடுத்த மெழுகாற் செய்த திரி, சீராக எரியும் இயல்புடையது. 1860இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இலண்டன் மாநகரின் வாயுவிளக்குகளுக்குச் சட்டம் இயற்றியபோது, அத்திரியையே அளவுகோலாக்கியது. ஆறு திரிகள் ஓர் இறாத்தல் நிறுக்கவேண்டும். ஒரு திரி மணிக்கு 120 கிரெயின், அஃதாவது ஏறத்தாழ 8 கிராம், எரியவேண்டும். 1948இல் உலகநாடுகள் ஏற்ற 'கண்டெலா' என்னும் அலகும், மெழுகுதிரியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே.

ஆயின் விளக்கின் வலு வேறு. ஏட்டின்மேல் விழும் ஒளி வேறு. ஓரடித் தூரத்தில் திரி தரும் ஒளி, ஈரடியில் காற்பங்காகும். மூன்றடியில் ஒன்பதில் ஒன்றாகும். விழும் ஒளியை அளப்பதற்கு எழுந்ததே 'லக்ஸ்' என்னும் அலகு. ஒரு சதுர மீற்றரில் ஒரு லுமென் ஒளி விழுந்தால், அது ஒரு லக்ஸ்.

12 அடிக்கு 10 அடி அறை, ஏறத்தாழ 11 சதுர மீற்றர். பொதுப் புழக்கத்திற்கு 150 லக்ஸ் எனக் கொண்டால் 1,650 லுமென் வேண்டும். 800 லுமென் தரும் மின்குமிழ்கள் இரண்டு அதனை அண்மிக்கும். வெள்ளைச் சுவராயின் அவை போதியவை. கரிய பலகைச் சுவராயின் போதா. வாசிப்புக்கோ 300 லக்ஸேனும் வேண்டும். அதன்பொருட்டு அறை முழுவதும் ஒளியை இரட்டிப்பதினும், மேசையருகே ஒரு விளக்கு வைப்பதே சிக்கனம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. அறுபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதினர்க்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. பேரன் போதும் என்னும் வெளிச்சத்தில் அம்மம்மா ஊசியில் நூல் கோக்க இயலாது தவிப்பது, கைத்தளர்ச்சியால் மட்டுமன்று. ஆதலின், சுவர் பூசுமுன்னரே அவர் அமரும் இடம் எதுவெனக் கேட்டு, மின்கம்பியை அங்கே கொண்டுசெல்லல் வேண்டும். பூசியபின் கேட்டால், சுவரை மீண்டும் உடைக்க நேரும். உடைக்க மனமின்றி, அவர் இருளிலேயே இருக்கவும் நேரும்.