லயத்துக் கொல்லையும் மாகாணி நிலமும்



வரலாறு என்றவுடன் நமக்கு அரசர்கள், போர்கள், கோட்டை கொத்தளங்கள்தாம் நினைவுக்கு வரும். நம் லயத்துப் பின்புறக் கொல்லையில் வரலாறு இருக்கிறது என்று சொன்னால், "என்ன வாத்தியாரே, அங்க முருங்கமரந்தானே இருக்கு?" என்று கேட்பீர்கள். அந்த முருங்கை மரத்தின் வரலாற்றைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

கங்காணியோடு வந்த கைகள்

1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் மலாயாவின் காடுகள் பால்மரக் காடுகளாக மாறின. அந்த வேலைக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் வயலில் உழைத்தவர்கள். நாற்று நட்ட கைகள் இங்கே பால்கத்தி பிடித்தன.

விடியுமுன் பெரட்டு. பிறகு பால் வெட்டு. பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப நடுப்பகல் தாண்டிவிடும். ஆனாலும் மாலையில் சங்கோலைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள். கத்திரி, வெண்டை, பாகல், அவரை, சிறுகீரை என்று போட்டார்கள். அடுப்புச் சாம்பலும் மாட்டுச் சாணமும்தான் உரம். ஒரு வீட்டில் முருங்கை நன்றாகக் காய்த்தால், அதன் போத்து லயம் முழுவதும் பரவிவிடும். "ஒரு போத்து வெட்டிக்கவா அக்கா?" என்று கேட்டால், இல்லையென்று சொன்னவர் கிடையாது.

காய்கறி வீட்டுக்கு, பூ கோயிலுக்கு. அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி, மல்லிகை, துளசி எல்லாம் இருக்கும். மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் ஒரு கொல்லைப் பூ போதாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டுப் பூ போகும். வேலி தனித்தனி, மாலை மட்டும் ஒன்று. நம் வேலியில் பூத்த அந்தச் செம்பருத்திதான் 1960-ஆம் ஆண்டில் நாட்டின் தேசிய மலராகவும் ஆனது.

ஒரே சட்டம் பெற்ற இரண்டு பிள்ளைகள்

இனி நான் சொல்வதை மாணவர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1922-இல் இந்திய அரசு, வெளிநாட்டுக்குக் கூலி வேலைக்குப் போகும் தன் மக்களுக்குப் பாதுகாப்பாக ஒரு சட்டம் இயற்றியது. அதையொட்டி 1923-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் பொதுவாகத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே ஒரு பள்ளி வேண்டும் என்று அது விதித்தது. நம் தோட்டப் பள்ளிகள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது பலருக்குத் தெரியும்.

ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் சொன்னது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிரிடவோ, ஆடு மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும். அதாவது சுமார் 2,700 சதுர அடி. நம் பழைய வாய்ப்பாட்டில் பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்று பெயர். ஆக, பள்ளிக்கூடமும் மாகாணி நிலமும் ஒரே சட்டம் பெற்ற இரண்டு பிள்ளைகள்!

சட்டம் சொன்னது எல்லாத் தோட்டத்திலும் ஒரே சீராக நடந்துவிடவில்லை. நிலம் கொடுத்தாலும் அது தொழிலாளிக்குச் சொந்தம் இல்லை. வேலை போனால் நிலமும் போகும். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் நட்ட மரத்தில் வேறு யாரோ காய் பறித்தார்கள்.

கிழங்கு காத்த காலம்

1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கிக்கொண்டிருந்தது. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு கட்டுக்கட்டாக இருந்தாலும் வாங்குவதற்குப் பொருள் இல்லை.

அப்போதுதான் மரவள்ளி சோறானது. ஏன் மரவள்ளி? அதற்கு விதை வேண்டாம். ஒரு சாண் குச்சியை வெட்டி ஊன்றினால் போதும். பெரிய உரமும் கேட்காது. எட்டுப் பத்து மாதத்தில் கிழங்கு தரும். அதுவரை கொழுந்து இலையை நன்றாக வேகவைத்துக் கறியாக்கலாம். சர்க்கரைவள்ளியோ நான்கு மாதத்திலேயே வந்துவிடும். "ஜப்பான்காரன் காலத்துல காலையிலயும் கெழங்கு, ராத்திரியும் கெழங்குதான்யா. ஆனா அது இல்லன்னா நான் இல்ல, உங்கப்பனும் இல்ல, நீயும் இல்ல" என்று எங்கள் பாட்டி சொல்லுவார்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். கிழங்கு வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. கால் வீங்கியும் ஆறாத புண் வந்தும் எத்தனையோ பேர் மடிந்தார்கள். பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் பலர் திரும்பவே இல்லை. லயத்தில் மிஞ்சிய பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும் அந்தக் கொல்லையைக் கொத்தித்தான் 1945 ஆகஸ்டு வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முருங்கைக் கீரையும் பசலையும் அன்று மருந்துக்குச் சமம்.

வேலியும் விலகலும்

1948-இல் அவசரகாலம் வந்தது. 1950-க்குப் பிறகு பல தோட்டங்களில் லயங்களை ஒன்றுசேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாதென்று, வேலி வாசலில் சோதனை நடந்தது. வேலிக்கு வெளியே இருந்த கொல்லைக்கு நினைத்த நேரத்தில் போய்வர முடியவில்லை.

நாடு விடுதலை பெற்றபின், 1974-இல் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். விலைவாசி ஏறியிருந்த காலம் அது. சும்மா கிடக்கும் நிலத்தில் எல்லாரும் உணவுப் பயிர் போடுங்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டது. நம் பாட்டன் பாட்டி யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்த காரியம் அது.

அதன்பிறகு காலம் மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. லயத்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். ஐந்தாவது மாடியில் முருங்கை எங்கே வைப்பது? கொல்லை போனது மட்டுமல்ல, போத்து கேட்கப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கமும் போய்க்கொண்டிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

வேடிக்கையைப் பாருங்கள். இப்போது பட்டணத்தார் இதைத் தேடுகிறார்கள். சிங்கப்பூரில் 2005 முதல் தேசியப் பூங்காக் கழகம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கூட்டுத் தோட்டங்கள் அமைக்க உதவி வருகிறது. கோலாலம்பூரில் 2017-இல் பங்சார்ப் பகுதி மேட்டில் ஒரு கூட்டுத் தோட்டம் தொடங்கியது. அங்கே படித்தவர்கள் சங்கோல் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நமக்கோ அதைக் கற்பிக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

பெற்றோர்களே, ஒரே சட்டம் பெற்ற இரண்டு பிள்ளைகளில் ஒன்று, அதாவது பள்ளிக்கூடம், இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. மற்றதை அது கைப்பிடித்துத் தூக்கக் கூடாதா? நம் பள்ளியின் பின்புறத்தில் இடம் இருக்கிறது. மாணவர்களே, ஆளுக்கொரு போத்தோ, ஒரு பிடி விதையோ கொண்டு வாருங்கள். முருங்கையானாலும் சரி, மல்லிகையானாலும் சரி. கொண்டு வரும்போது, இதை யார் நட்டார், எங்கிருந்து வந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள். செடியோடு அந்தத் தாளையும் பள்ளி காப்பாற்றும்.

தோட்டம் விற்கப்படும் நாளில் மரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. போத்தைக் கொண்டு போகலாம். அது பிழைக்கும் என்பதற்கு நாமே சாட்சி.