ஆவணமற்ற குடியேறிகளும் அமெரிக்கப் படைச்சேர்க்கையும்

உரிய ஆவணங்களின்றி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்வோர் அந்நாட்டுப் படைகளில் சேரலாமா என்னும் கேள்விக்குப் போர்க்காலச் சட்டங்கள் ஒரு விடையும் அமைதிக்காலச் சட்டங்கள் வேறொரு விடையும் அளித்துள்ளன. உள்நாட்டுப் போரின்போது, 1862ஆம் ஆண்டுச் சட்டம் படையிலிருந்து நற்சான்றுடன் விடுவிக்கப்பட்ட அயல்நாட்டார் விரைவாகக் குடியுரிமை பெற வழிசெய்தது. 1894ஆம் ஆண்டுச் சட்டமோ அமைதிக்காலத்தில் குடிமக்களுக்கும், குடிமக்களாகும் விருப்பத்தை முறைப்படி அறிவித்தோருக்கும் மட்டுமே இடமளித்தது. 1950இல் வந்த லாட்ஜ்-பில்பின் சட்டத்தின் வழியே கிழக்கு ஐரோப்பியர் சிலர் சேர்க்கப்பட்டனர்.

2003 மார்ச்சில் இராக்கில் முதலில் உயிரிழந்த அமெரிக்க வீரர்களுள் ஒருவரான ஹோசே அந்தோனியோ குட்டியெரெஸ், குவாத்தமாலாவிலிருந்து ஆவணமின்றி எல்லை கடந்து, பின்னர் வசிப்புரிமை பெற்றுப் படையில் சேர்ந்தவர். குடியுரிமை அவருக்கு இறப்பிற்குப் பின்னரே கிடைத்தது.

2006ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்கள், கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமை உடையோர், மார்ஷல் தீவுகள் முதலிய மூன்று பசிபிக் நாட்டினர் ஆகியோருக்கு மட்டும் அனுமதி தந்து, தேச நலனுக்கு இன்றியமையாதோருக்கு விதிவிலக்கும் வைத்தது. அவ்விதிவிலக்கிலிருந்து பிறந்ததே ‘மாவ்னி’ திட்டம். பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2008இல் ஒப்புதல் அளித்த இத்திட்டத்தை வடிவமைத்ததில், வழக்கறிஞரும் சேமப்படை அதிகாரியுமான மார்கரெட் ஸ்டாக்கின் பங்கு பெரிது. மருத்துவத் துறையினரும் குறிப்பிட்ட மொழிகளை அறிந்தோரும் இதன்வழிச் சேர்ந்தனர். அம்மொழிப் பட்டியலில் தமிழும் மலையாளமும் சிங்களமும் இருந்தன. கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டிய இந்திய மாணவர், பத்து வார அடிப்படைப் பயிற்சி முடியும் தறுவாயிலேயே குடிமகனாகிவிட முடிந்தது.

எனினும் தொடக்கத்தில் செல்லத்தக்க விசா முதலிய முறையான அனுமதி உள்ளோரே தகுதி பெற்றனர். சிறுவயதில் பெற்றோருடன் வந்து, 2012ஆம் ஆண்டு ஆணையால் நாடுகடத்தலிலிருந்து தற்காலிகக் காப்புப் பெற்றோர் 2014இல்தான் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோரின் மொழியான ஸ்பானியம் பட்டியலில் இல்லாமையால் பயனடைந்தோர் சிலரே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்த இத்திட்டம் 2016இல் பின்னணிச் சோதனைகள் கடுமையானதும் முடங்கியது. காத்திருப்பு நீண்டு விசா காலாவதியானதால், முறையாக வந்த சிலரே ஆவணமற்றோராயினர் என்பது இவ்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 2018இல் இத்திட்டத்தில் சேர்ந்த சிலர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்குப் பாதுகாப்பு ஐயமே காரணம் எனப் படைத்துறையும், நிர்வாகத் தேக்கமே காரணம் என வழக்குத் தொடுத்தோரும் கூறினர்.

ஆவணமற்றோரைப் படையில் சேர்ப்பது சட்டமீறலுக்குப் பரிசளிப்பதாகும் என்பது எதிர்ப்பாளர் வாதம். வறியோரைப் போர்முனைக்குத் தள்ளும் வழி என்று குடியேறிகள் தரப்பிலேயே சிலர் ஐயுற்றதும் உண்டு. இதனிடையே, கட்டாயப் படைச்சேர்க்கை வரும் நாளுக்கென வைத்திருக்கும் பதிவேட்டில் 18 முதல் 25 வயது வரையுள்ள ஆவணமற்ற ஆண்களும் இடம்பெறவேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டமே. படைப்பணியைக் குடியுரிமைக்கான வழிகளுள் ஒன்றாக்கிய ‘ட்ரீம்’ சட்டமுன்வரைவு 2010இல் செனட்டில் தோற்றது. ஆவணமற்றோர் படையில் சேர வழிசெய்யப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜெஃப் டென்ஹம் முன்வைத்த ‘என்லிஸ்ட்’ முன்வரைவும் சட்டமாகவில்லை.