வெண்கலத்தில் ஒரு வெண்மை: பாரசீகமும் தமிழகமும்

சாசானியரின் தலைநகராயிருந்த மதாயினில் நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) அவர்கள் பருகத் தண்ணீர் கேட்டார்கள். பாரசீக நிலக்கிழார் ஒருவர் வெள்ளிக் கிண்ணத்தில் கொணர்ந்தார். அதனை வீசியெறிந்த அவர்கள், பொன், வெள்ளிப் பாத்திரங்களில் பருகுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை எடுத்துரைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் காணப்படும் இச்செய்தி, பாரசீகக் கலங்களின் வரலாற்றுக்கும் ஒரு வாயிலாகும்.

வேட்டைக் காட்சிகள் பொறித்த வெள்ளித் தட்டுகளால் புகழ்பெற்ற அந்நாட்டில், இஸ்லாமிய ஆட்சியின் தொடக்க நூற்றாண்டுகளில் 'ஸஃபீத்ரூய்' எனும் வெண்ணிற வெண்கலம் சிறப்புற்றது. ஆளுநர் ஹஜ்ஜாஜ் பொன், வெள்ளிக் கலங்களை உடைக்கச் செய்ததோடு இதனைத் தொடர்புபடுத்துகிறார் பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல்பீரூனி.

இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம், எஞ்சியது செம்பு. இவ்வளவு வெள்ளீயம் கலந்த உலோகத்தைக் குளிர்ந்த நிலையில் அடித்தால் வெடிக்கும். செந்தணலாய்க் காய்ச்சி அடித்து, சூட்டோடு நீரில் தோய்த்தால் மெல்லிய, உறுதியான கலம் கிடைக்கும். பொருளின் விலையைவிடக் கைத்திறனே இங்கு மதிப்பைத் தந்தது.

இத்திறன் பாரசீகத்துக்கு மட்டும் உரியதன்று. 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ அகழ்ந்த ஆதிச்சநல்லூரிலும், நீலகிரி ஈமக்குழிகளிலும் கிடைத்த வெண்கலக் கலங்களைச் சாரதா சீனிவாசன் ஆராய்ந்தார். அவற்றுட் சிலவற்றில் ஏறத்தாழ 23 விழுக்காடு வெள்ளீயம் இருந்ததையும், அவை இதே முறையில் உருவானதையும் கண்டறிந்தார். ஆதிச்சநல்லூர்ப் பண்பாடு கிறித்துவுக்கு முந்தைய முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தது. எனவே, இஸ்லாமியப் பாரசீகத்திலிருந்து இக்கலை இங்கு வந்தது என்பதற்கு இடமில்லை. பாரசீகர் நம்மிடம் கற்றனர் என்று பெருமை பேசுவதும் முறையன்று. ஒப்புமை ஒன்றே கடனுக்குச் சான்றாகாது.

சான்று மண்ணிலேயே உள்ளது. மதுராந்தகம் அருகே சானூரில் 1950, 1952 ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வு, பெருங்கற்கால ஈமச் சின்னங்களில் இரும்புக் கருவிகளையும் கருப்பு-சிவப்புக் கலங்களையும் வெளிக்கொணர்ந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் கிடைத்த மதுச்சாடித் துண்டுகள் மேற்குக் கடல்வழி வணிகத்தைக் காட்டுகின்றன. உள்நாட்டு உலோகத் தொழிலும் அயல்நாட்டு வணிகமும் ஒரே வட்டாரத்தில் தடம் பதித்துள்ள செங்கற்பட்டில், கல்குவாரிகளாலும் வீட்டுமனைகளாலும் கல்வட்டங்கள் அழிந்து வருகின்றன.

கலம் தப்பிப் பிழைத்தாலும், அது எந்தக் குழியில், எவற்றோடு கிடைத்தது என்ற குறிப்பு தொலைந்தால் அதன் வரலாறு ஊமையாகிவிடும். முன்னோரின் கைத்திறனைப் போற்றுவோர் முதலில் காக்க வேண்டியது அக்கற்களையே.