கூரை திறக்கும் கார் வாங்கப் போகிறீர்களா? ரிவர்ஸ்டன் வரை ஓட்டிப் பாருங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஏறக்குறைய ஐந்து வருடங்கள் பூட்டிவைத்த ஆசைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பழைய வாகனம் வாங்குகிறவர்களோடு கூடப்போய்ப் பார்த்துச் சொல்வது எனக்குப் பல வருடப் பழக்கம். அண்மைக்காலமாக என்னிடம் வரும் கேள்விகளில் ஒன்று, முன்பு யாரும் வெட்கமில்லாமல் கேட்காதது: “கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கலாமா? வாங்கினால் எது?”

கேட்பவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் அல்ல. கடைசியாகக் கேட்டவர் என் நண்பர். 55 வயதில் ஊழியர் சேமலாப நிதியை எடுத்தவர். அதில் ஒரு பங்கை வாழ்நாள் ஆசைக்கென்று ஒதுக்கியிருந்தார். வீட்டில் வேறு வாகனம் இல்லை. அவருடைய மனைவி விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. “அண்ணன், கூரை திறக்குதோ இல்லையோ, மழை ராத்திரியில மாத்தளை ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்.” விற்பனைக் கையேடுகளில் உள்ள குதிரைவலு, வேகம் எல்லாவற்றையும்விட இந்த நிபந்தனை பயனுள்ளது. இனி நான் எழுதுவது எல்லாம் அதை வைத்துத்தான்.

இந்த வகைக் காரைக் கொழும்பு காலி முகத்திடலில் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது வீண். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, கைக்காவல வழியாக ரிவர்ஸ்டன் ஏறும் பாதையில் ஓட்டிப் பாருங்கள். நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஆயிரம் மீட்டர் அளவில் உயரம் ஏறுகிறீர்கள். வெப்பநிலை ஆறேழு பாகை குறைகிறது. ரத்தோட்டையில் வெயில், மேலே மூடுபனி, ரிவர்ஸ்டன் கணவாயில் ஆளைத் தள்ளும் காற்று, கணவாயைத் தாண்டிப் பிட்டவல பத்தனையில் மறுபடி வெயில். நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஈரமான மேற்குப் பக்கத்தையும் வரண்ட கிழக்குப் பக்கத்தையும் ஒரே பாதை இணைப்பதால் வரும் விசித்திரம் இது. வளைவுகள் குறுகியவை. எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். ஒரு காரின் கூரை, பிரேக், கிளட்ச், எஞ்சின் குளிர்விப்பு, அகலம், அடிப்பகுதி உயரம் எல்லாம் இரண்டு மணித்தியாலத்தில் சாட்சி சொல்லிவிடும்.

முதலில் கூரை. மடித்துப் போடும் துணிக்கூரை, தானாக மடிந்து டிக்கிக்குள் போகும் உலோகக்கூரை என்று இரண்டு வகை. உலோகக்கூரை மூடியிருக்கும்போது சாதாரணக் கார் போலவே இருக்கும். மழைச் சத்தம் குறைவு, கள்வன் பிளேடால் கிழிக்க முடியாது. எங்கள் பக்கத்தில் இன்னொரு வசதியும் உண்டு: குரங்கு பிய்க்க முடியாது. (சிரிக்க வேண்டாம். மலைப்பாதையில் துணிக்கூரைக் காரை நிறுத்திவிட்டு அருவி பார்க்கப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.) ஆனால் அந்த உலோகக்கூரையை அசைப்பது ஒரு மின்மோட்டார், பெரும்பாலும் அதனோடு ஒரு ஹைட்ரோலிக் பம்பு, எண்ணெய்க் குழாய்கள், ஒவ்வொரு கட்டமும் முடிந்ததா என்று பார்க்கும் சின்னச் சின்ன சுவிட்சுகள். இவற்றில் ஒன்று பொய் சொன்னாலும் கூரை இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பற்றரி பலவீனமானாலும் நிற்கும். டிக்கிக்குள் சாமான் தடுப்புத் திரை சரியாக இழுபட்டிருக்காவிட்டால் பல மொடல்களில் அது அசையவே அசையாது.

நண்பருக்காக நாங்கள் ஓட்டிப் பார்த்த முதல் கார் அப்படிப்பட்டது. இருபது வயதான ஐரோப்பியக் கார், பளபளப்பு, விலையும் வியக்கும்படி குறைவு. கீழே மூன்று தடவை அழகாகத் திறந்து மூடிய கூரை, ரிவர்ஸ்டன் உச்சியில் தூறல் தொடங்கியபோது பாதியில் நின்றது. டிக்கி மூடி ஒரு திசையில், கூரை இன்னொரு திசையில், நடுவில் நாங்கள் இருவர். கையால் மூடும் முறை கையேட்டில் இருக்கும். கையேடு காரில் இல்லை. அரை மணித்தியாலம் நனைந்த பிறகு, அந்தப் பக்கம் வந்த பஸ்ஸின் கொண்டக்டர் இறங்கி வந்து, “சேர், பற்றரி வயரைக் கழட்டிப் பூட்டிப் பாருங்க” என்றார். அது வேலை செய்தது. ஆனாலும் நண்பர் அந்தக் காரை அத்தோடு கைவிட்டார். மனைவியின் நிபந்தனை அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பம்பு, சிலிண்டர், சுவிட்சு ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அதைப் பொருத்தத் தெரிந்த ஆளையும் தேடும் செலவோடு பார்த்தால் அந்த மலிவு விலை மலிவே அல்ல.

கையால் மடிக்கும் துணிக்கூரையில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. அதில் பெயர்பெற்றது மஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. 1989இல் தொடங்கி நான்கு தலைமுறைகள். 2016இல் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. உலகில் மிக அதிகம் விற்ற இரு இருக்கை ரோட்ஸ்டர் இதுதான். பின்சில்லை எஞ்சின் உருட்டும், எடை ஒரு தொன் அளவுதான். சிக்னலில் நிற்கும்போதே இரண்டு கொக்கிகளைக் கழற்றி ஒரு கையால் கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம். முதல் தலைமுறையில் பின்கண்ணாடி பிளாஸ்டிக். எங்கள் வெயிலில் மஞ்சளாகி, மலைக்குளிரில் மடித்தால் வெடிக்கும். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை முதல் உண்மையான கண்ணாடி. பழையது வாங்குவதென்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இரண்டாவதைச் சொல்வேன். முதலாவதன் எழுந்து விழும் முன்விளக்குகளுக்கு மயங்குகிறவர்களிடம் வாதம் செய்து பயனில்லை.

புதிதாக இறக்குவதென்றால் வரியைக் கவனிக்க வேண்டும். பெற்றோல் கார்களுக்கு நம் உற்பத்தித் தீர்வை எஞ்சின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கொள்ளளவு கூடக்கூட ஒரு சீசீக்கான வீதமும் கூடும். 2015இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 பல நாடுகளில் 2 லீற்றர் எஞ்சினோடும் விற்கப்படுகிறது. ஜப்பானில் துணிக்கூரை மொடலுக்கு 1.5 லீற்றர் எஞ்சின். மின்கூரை கொண்ட ‘ஆர்எஃப்’ மொடலுக்கு அங்கே 2 லீற்றர். ஆகவே நமக்கு எளிமையான கூரையும் குறைந்த தீர்வையும் ஒரே காரில் சேர்ந்து கிடைக்கின்றன. வலு போதாதே என்பார்கள். ரிவர்ஸ்டன் பாதையில் மூன்றாவது கியருக்கு மேல் எத்தனை தடவை போட்டீர்கள் என்று திரும்பக் கேளுங்கள்.

அதைவிடச் சின்னவை 660 சீசீ வகுப்புக் கார்கள். டைஹற்சு கோப்பன் 2002இலும், அதன் இரண்டாம் தலைமுறை 2014இலும் வந்தன. ஜப்பானியச் சட்டப்படி இந்த வகுப்பின் அகலம் 1.48 மீற்றரைத் தாண்டக்கூடாது. எம்எக்ஸ்-5 அதைவிட ஒரு சாண் அகலம். பஸ்ஸுக்கு வழிவிடும்போது அந்த ஒரு சாண் எவ்வளவு பெரியது என்பது தெரியும். வலு 64 குதிரைதான், ஆனால் டர்போ எஞ்சின். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்து வீத வலுவை இழக்கும். டர்போவுக்கு அந்த இழப்பு மிகக் குறைவு. குறை என்னவென்றால் கோப்பனின் கூரையும் பெரும்பாலும் மின்சாரத்தில் மடிவதுதான். மடித்தபின் டிக்கியில் ஒரு குடைக்குத்தான் இடம். ஹொண்டா எஸ்660 எனக்கு இன்னும் பிடிக்கும்: நடுவில் எஞ்சின், பாய் போலச் சுருட்டி எடுக்கும் கூரை. அதன் உற்பத்தி 2022இல் முடிந்துவிட்டதாலும், பழைய கார்களை இறக்க வயதெல்லை இருப்பதாலும், ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பதைத்தான் தேட வேண்டும். 2022இல் கியூஆர் அட்டையோடு வாரத்துக்கு 20 லீற்றருக்கு வரிசையில் நின்றவர்களுக்குச் சின்ன எஞ்சினின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

எம்ஜி சைபர்ஸ்டர் என்ற மின்சாரக் கார் பற்றியும் கேட்கிறார்கள். அழகானது. எடை இரண்டு தொன்னை நெருங்குகிறது. எனக்கு இந்தப் பாதையில் அது வேண்டாம்.

இனி, எந்தக் கூரை திறக்கும் காரானாலும், பார்க்க வேண்டியது தண்ணீர். இந்தக் கார்கள் மழையை முழுதாகத் தடுப்பதில்லை. கூரையின் ஓரத்தில் விழும் நீரை வாங்கி, இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள வடிகுழாய் வழியாகக் கீழே விடுகின்றன. இலையும் தூசியும் அதை அடைத்தால் நீர் கதவுக்குக் கீழேயுள்ள பெட்டிச்சட்டத்துக்குள் தேங்கும். பழைய எம்எக்ஸ்-5கள் இறப்பது எஞ்சினால் அல்ல, இந்தத் துருவால். அதுவும் உள்ளிருந்து வெளியே வரும் துரு. கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். கூரை இல்லாத காரின் உறுதி முழுவதும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது என்பதால் இது அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

ஆகவே ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோங்கள். கூரை மூடிய நிலையில் பின்மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். பின்சில்லுக்கு முன்னால், காரின் அடியில் அது சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் உள்ளே எங்கோ போகிறது. இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள கம்பளத்தைக் கையால் அழுத்துங்கள். புது வாசனைத் திரவியம் தொங்கவிட்டிருந்தால் இன்னும் அழுத்துங்கள். பிறகு கூரையைத் திறந்து, மேடுபள்ளமான ரோட்டில் மெதுவாக ஓட்டி, முன்கண்ணாடிச் சட்டமும் கதவும் எவ்வளவு ஆடுகின்றன என்று பாருங்கள். கொஞ்சம் ஆடுவது இயல்பு. கதவுப் பூட்டு கடகடத்தால் சட்டம் பலமிழந்திருக்கலாம், அல்லது மோதித் திருத்திய காராக இருக்கலாம்.

ரிவர்ஸ்டனில் நனைந்த துணிக்கூரையை மடித்த நிலையில் கராஜில் விடாதீர்கள். மூடி, காயவிட்டுத்தான் மடிக்க வேண்டும். நம் ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடிக்கச் சில நாள் போதும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் விடுங்கள். விற்பவரோடு போகும்போது கீழே வந்ததும் இறங்கி, நான்கு சில்லுகளையும் முகர்ந்து பாருங்கள். ஒரு சில்லில் மட்டும் தீய்ந்த வாசம் வந்தால் அந்தப் பிரேக் ஒட்டிப் பிடித்திருக்கிறது.

பழைய பிரித்தானியக் கார்கள் தனி உலகம். எம்ஜிபி (1962–1980), ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் (1962–1980) போன்றவற்றுக்கு உதிரிப்பாகம் இன்னும் பிரித்தானியாவிலிருந்து வரவழைக்கலாம். எம்ஜிபிக்கு முழு உடற்கூடே புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அருமை. மழை ராத்திரி ஆஸ்பத்திரிக்கு அல்ல.

தவிர்க்கவே வேண்டிய ஒன்று உண்டு. சாதாரணக் காரின் கூரையை உள்ளூர்ப் பட்டறையில் வெட்டி, தையல்காரரிடம் துணி தைத்துப் போட்ட ‘கன்வேர்ட்டிபிள்’. தொழிற்சாலையில் கூரை இல்லாமல் செய்யும்போது அடித்தளத்தில் பலம் சேர்க்கிறார்கள். பட்டறையில் பலத்தை எடுக்கத்தான் முடிகிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழிலுள்ள உடல் வகையும் காரும் ஒத்துப்போகாவிட்டால் பெயர் மாற்றமும் காப்புறுதிக் கோரிக்கையும் சிக்கலாகும். எந்தக் காரானாலும் சான்றிதழிலுள்ள சேசிஸ் இலக்கத்தைக் காரில் உள்ளதோடு உங்கள் கண்ணாலேயே ஒப்பிடுங்கள். மிகப் பழைய வாகனங்களுக்கு லீசிங் கிடைப்பது அரிது. முழுக் காசும் கையில் இருக்க வேண்டும்.

நண்பர் இப்போது பார்த்து வைத்திருப்பது இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 ஒன்று. தண்ணீர் சரியான இடத்தில் சொட்டியது; கூரைத் துணி மட்டும் கிழிந்திருக்கிறது. புதிய கூரை வரவழைத்துப் பொருத்தும் செலவை எழுத்தில் வாங்கி, விலையிலிருந்து அதைக் கழிக்கச் சொல்லியிருக்கிறோம். விற்பவர் பாதியைக் கழிக்கச் சம்மதித்துவிட்டார். மற்றப் பாதிக்கு வரும் ஞாயிறு மறுபடி போகிறோம், இம்முறை அவருடைய மனைவியோடு.