தீ மலையும் நீர்நிலைகளும்: திருவண்ணாமலை வரலாற்றின் ஒரு பக்கம்

திருவண்ணாமலை என்றதும் தமிழ் மக்களின் நெஞ்சில் முதலில் தோன்றுவது தீயே. ஐம்பூதத் தலங்களுள் இது தீக்குரிய தலம். கார்த்திகைத் திங்களில் 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் ஏற்றப்படும் தீபம், சூழ உள்ள ஊர்களுக்கெல்லாம் தெரியும். ஆயினும் ஓர் ஊர் ஒளியால் மட்டும் வாழ்ந்துவிட முடியாது. மக்கள் குடியிருக்கவும் கழனி விளையவும் கோயிலில் திருமஞ்சனம் நடக்கவும் நீர் வேண்டும். பேராறு எதுவும் பாயாத இவ்வூரில் அந்த நீரைத் தேடியும் தேக்கியும் காத்தும் வந்த முயற்சியே ஆயிரம் ஆண்டு வரலாறாக விரிந்து கிடக்கிறது. தீயின் பெருமையைப் புராணங்கள் பாடியிருக்கின்றன. நீரின் வரலாற்றையோ குளக்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் நின்றுதான் படித்தறிய வேண்டும்.

நிலமும் நீரும்

சைவ மரபில் திருவண்ணாமலை நடுநாட்டுத் தலங்கள் இருபத்திரண்டனுள் ஒன்றாக எண்ணப்படும். வடமேற்கே சவ்வாது மலைத்தொடர். அதில் தோன்றும் செய்யாறு நகருக்கு வடக்கே ஓடுகிறது. தெற்கே சற்றுத் தொலைவில் தென்பெண்ணை செல்கிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட இந்நகரமோ வானம் பார்த்த நிலத்தில் அமைந்தது. வடகிழக்குப் பருவ மழை வந்தால் ஏரி நிறையும். பொய்த்தால் கிணறும் வறளும்.

இந்நிலத்தின் தொன்மை சங்க காலத்தை எட்டுகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் போற்றும் நன்னனின் செங்கண்மா, இன்று செங்கம் என வழங்கும் ஊரே என்பர். அச் செங்கம் வட்டாரத்தில் கண்டறியப்பட்ட நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் தொகுத்து வெளியிட்டது. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் பூசலில் இறந்துபட்ட வீரர்களுக்கு எடுத்த கற்கள் அவற்றுள் பல. மாடே செல்வமாக இருந்த மேய்ச்சல் நிலம் இது என்பதை அவை உரைக்கின்றன. அத்தகைய நிலத்தை நெல் விளையும் கழனியாக மாற்றியவை ஏரிகள்.

பல்லவரும் சோழரும் தொண்டை மண்டலத்திலும் நடுநாட்டிலும் ஏரி அமைப்பதைப் பேரறமாகக் கொண்டனர். மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் வெட்டிய தடாகமும், உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியமும் இதற்குச் சான்றுகள். மலைச்சரிவில் விழும் மழையை ஓடைகள் ஏரிக்குக் கொண்டு சேர்க்கும். கரை அதனைத் தேக்கும். மதகு கழனிக்கு அளந்து விடும். மிகுந்த நீர் கலிங்கல் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்லும். ஓர் ஊரின் மிச்சமே மற்றோர் ஊரின் வாழ்வு. இவ் ஒழுங்கில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழுள்ள ஊர்கள் யாவும் வாடும்.

சமுத்திரம் என்னும் ஏரி

நகரின் தென்மேற்கே, மலையடிவாரத்திற்கு அப்பால் பரந்து கிடக்கும் ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயர். கடலைக் கண்டிராத அரசி ஒருத்தி அது எவ்வாறிருக்கும் என்று வினவ, அவளுக்குக் காட்டும் பொருட்டே இவ்வேரி வெட்டப்பட்டது என்று இவ்வூரார் ஒரு கதை சொல்வர். கதை எவ்வாறாயினும் பெயர் பொருத்தமானதே. பேரேரியைச் சமுத்திரம் என வழங்குவது தென்னாட்டின் பழைய மரபு. ஏரி நிறைந்த ஆண்டில் மலையின் நிழல் நீரில் விழும் காட்சி, கடலைக் காணாதார்க்கும் கண்டார்க்கும் ஒருங்கே விருந்தாகும்.

சமுத்திரம் என்ற சொல்லோடு இவ்வூருக்கு மற்றோர் உறவும் உண்டு. போசள மன்னரின் தலைநகரான துவாரசமுத்திரம், அங்கிருந்த பேரேரியினால் அப்பெயர் பெற்றது. 1311இல் மாலிக்காபூரின் படையெடுப்பாலும் பின்னர்த் துக்ளக் படைகளாலும் அந்நகர் சீரழிந்தது. அந்நிலையில் மூன்றாம் வீர வல்லாளன் தன் அரசிருக்கையாகத் தேர்ந்த இடம் திருவண்ணாமலை. ஏரிக்கரைத் தலைநகரை இழந்த மன்னனுக்கு இம்மலையடிவாரம் அரணாயிற்று. அண்ணாமலையார் கோயிலின் வல்லாள கோபுரம் அவன் நினைவைத் தாங்கி நிற்கிறது. முதுமையிலும் மதுரைச் சுல்தானொடு பொருத அவன், 1340களின் தொடக்கத்தில் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான்.

வல்லாளன் மகப்பேறு இல்லாதவன் என்றும், இறைவனே அவனுக்கு மகனானான் என்றும் தலபுராணம் கூறும். அக்கதை ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு என்னும் சிற்றூருக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் அம் மன்னனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு நடைபெறுகிறது. அரசு அழிந்தது, மரபு அற்றது, மொழியும் நாடும் வேறான ஒரு மன்னனை ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளாக ஓர் ஊர் தன் இறைவன் கையால் எள்ளும் நீரும் இறைத்து நினைவுகூர்கிறது. தமிழகத்தில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சிகள் மிகச் சிலவே.

கோயிலும் குளமும்

சோழர், காடவர், சம்புவராயர், போசளர், விசயநகரத்தார் எனப் பல மரபினரின் கல்வெட்டுகளைத் தாங்கிய இக்கோயில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புடையது. கிழக்கு இராசகோபுரம் பதினொரு நிலைகளுடன் 217 அடி உயர்ந்து நிற்கிறது. கிருட்டிணதேவராயர் தொடங்கிய அதனைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தார் என்பது வரலாறு. அக்கோபுரத்தைக் கடந்து உட்செல்வோர்க்கு வலப்புறம் ஆயிரங்கால் மண்டபமும் இடப்புறம் சிவகங்கைத் தீர்த்தமும் தோன்றும். மண்டபமும் குளமும் இராயர் காலத் திருப்பணிகள். கல்லுக்கு ஈடாக நீரையும் வைத்து எண்ணிய அக்காலத்தவரின் உள்ளத்தை இவை காட்டுகின்றன. உள்ளே வல்லாள கோபுரத்தின் அருகே பிரம தீர்த்தம் உள்ளது. தெற்குக் கோபுரத்தின் பெயர் திருமஞ்சனக் கோபுரம். இறைவனின் நீராட்டுக்குரிய நீர் வரும் வாயில் என்பதனால் அமைந்த பெயர் அது.

கோயிலுக்கு வெளியே நகரின் நடுவே கிடப்பது ஐயங்குளம். கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்டபின் மூன்று நாள்கள் இங்கே தெப்பத் திருவிழா நடைபெறும். மலைமேல் தீ எரிந்துகொண்டிருக்க, கீழே தெப்பம் நீரில் மிதந்து வரும். தீபத்தைக் காண வந்த கூட்டத்தில் பெரும்பகுதி அதற்குள் ஊர் திரும்பிவிடும். இருந்து காண்போர்க்கே அந்த இரட்டைக் காட்சி வாய்க்கும். கார்த்திகை, மழை பொழிந்து நீர்நிலைகள் நிரம்பும் திங்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்விழா தீயை மட்டும் கொண்டாடுவதன்று என்பது விளங்கும்.

தீயுருவான இறைவன் நீரைத் தேடிச் செல்வதும் உண்டு. தைத் திங்கள் ஐந்தாம் நாளில் தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்ப்பேட்டைக்கும், இரதசப்தமியன்று செய்யாற்றங்கரையிலுள்ள கலசப்பாக்கத்திற்கும் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கின்றார். ஆறில்லா ஊர் தன் சுற்றிலுமுள்ள ஆறுகளோடு ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் உறவாக இதனைக் கருதலாம்.

14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையிலும் நீரின் சுவடுகளே நிறைந்துள்ளன. எண்திசைக்கும் உரிய எட்டு இலிங்கங்களுள் அக்கினி இலிங்கமும் உண்டு. மழைக்கடவுளுக்குரிய வருண இலிங்கமும் உண்டு. சிங்கமுகத் தீர்த்தம் முதலான குளங்கள் வழிநடையில் அமைந்துள்ளன. வலம் வருவோர் கைகால் அலம்பவும் தாகம் தீரவும் வழியமைத்த முன்னோரின் அருளுள்ளம் அவற்றில் புலனாகும்.

போரும் புதுமையும்

பதினெட்டாம் நூற்றாண்டில் மதிலும் கோபுரமும் உடைய இக்கோயில் கோட்டையாகவும் பயன்பட்டது. 1767 செப்டம்பரில் செங்கத்திலும், பின்னர்த் திருவண்ணாமலையிலும், ஐதர் அலி, ஐதராபாத்து நிசாம் ஆகியோரின் கூட்டுப் படைகளோடு ஆங்கிலத் தளபதி சுமித் பொருதார். முதல் மைசூர்ப் போரின் குறிப்பிடத்தக்க களங்கள் இவை. போரின் தழும்பு ஆறிய பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விழுப்புரம் – காட்பாடி இருப்புப்பாதை வந்தது.

அவ்விருப்புப்பாதை வழியே 1896 செப்டம்பர் முதல் நாள் வந்திறங்கினார் வேங்கடராமன் என்னும் பதினாறு வயது இளைஞர். கோயிலில் வழிபட்டபின் ஐயங்குளக் கரைக்கு வந்து, கையிலிருந்த தின்பண்டப் பொட்டலத்தை நீரில் எறிந்து, தலையை மழித்துக்கொண்டார். குளியாமலே திரும்புகையில் மழை பொழிந்து அவரை நீராட்டியது என அவர் வரலாறு கூறும். அவரே பின்னாளில் இரமண மகரிசி எனப் போற்றப்பட்டார். விரூபாட்ச குகையிலும், ஊற்று நீர் உள்ள கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். 1922இல் அவர் அன்னையார் மறைந்தபோது மலையடிவாரத்தில் பாலி தீர்த்தத்தின் அருகே அடக்கம் செய்தனர். அங்கே எழுந்ததுதான் இரமணாசிரமம். 1934இல் வெளிவந்த பால் பிரண்டனின் நூலும், 1938இல் இங்கு வந்து சென்ற சாமர்செட் மாம் பின்னர் எழுதிய நாவலும் இவ்வூரை மேலை நாட்டாருக்கு அறிமுகம் செய்தன. மகரிசி 1950இல் மறைந்தார்.

1958இல் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை எழுந்தது. 119 அடி நீர்மட்டமும் 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய அவ்வணையும் அதன் பூங்காவும் சுற்றுலாப் பயணியரை ஈர்க்கின்றன. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது.

மலை தந்த எச்சரிக்கை

நகர் வளர, மலையின் பசுமை குன்றிற்று. விறகுக்கும் தீவனத்திற்கும் வெட்டியதும், கோடைதோறும் பற்றிய காட்டுத் தீயும் சரிவுகளை மொட்டையாக்கின. மண்ணைப் பிடிக்கும் வேர் இல்லாதபோது மழைநீர் ஊறாமல் ஓடும். ஓடும் நீர் மண்ணையும் உடன்கொண்டு சென்று ஏரியைத் தூர்க்கும். இதனை உணர்ந்த சிலர் 1980களின் இறுதியில் மரம் நடும் பணியைத் தொடங்கினர். அதன் பயனாகச் சரிவுகள் பலவற்றில் இன்று பசுமை மீண்டுள்ளது. அண்மை ஆண்டுகளில் ஐயங்குளமும் தூர் வாரப்பட்டுச் சீர் பெற்றது.

எனினும் 2024 டிசம்பர் முதல் நாள் நிகழ்ந்ததை எளிதில் மறத்தற்கில்லை. பெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீடுகளின் மேல் விழுந்தது. சிறுவர் உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்தனர். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. அவ்வாண்டுத் தீபத்தன்று மலையேறப் பக்தர்களுக்கு இசைவு தரப்படவில்லை. தீபம் மட்டும் வழக்கம்போல் எரிந்தது.

மழை பெய்யாவிடில் வறட்சி, பெய்தால் அழிவு என்னும் நிலை இம்மண்ணின் விதியன்று. நீர் இறங்கும் ஓடையை ஓடையாகவும், தங்கும் ஏரியை ஏரியாகவும் விட்டுவைத்த காலத்தில் அதே மலை, அதே மழையை ஊருக்குச் செல்வமாக்கித் தந்தது. மறைந்துபோன மன்னன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் தவறாமல் நீர் வார்க்கும் ஊர் இது. அத்துணை நன்றி மறவா ஊர், தன்னை வாழ்வித்த சமுத்திரத்தையும் அதன் வரத்துக் கால்வாய்களையும் மறத்தல் ஆகாது. தீபம் காண வருவோர் ஒருநாள் கூடுதலாகத் தங்கி அவ்வேரிக்கரையில் நின்று மலையை நோக்குவாராயின், இவ்வூரின் மற்றொரு பாதி வரலாற்றையும் கண்டவராவர்.